டார்காஸ் எந்த ஊர்க்காரி

திங்கட்கிழமை அந்தக் காகிதம் வந்ததிலிருந்து ஆமோஸ் ஹிபர்டுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வேலியைத் திருத்தினான். திருத்திய வேலியைப் பிரித்து மறுபடி திருத்தினான். முட்டைக்கோஸ் பாத்தியில் களையே இல்லாத இடத்தில் மண்வெட்டியைப் போட்டுக் கொத்தினான். பனிக்காலத்தில் வைக்கோல் போரிலிருந்து விழுந்து முறிந்த கால் இன்னும் முழுசாகச் சேரவில்லை. அந்தக் காலை இழுத்துக்கொண்டு கிணற்றுக்கும் வீட்டுக்குமாக நடையாய் நடந்தான்.

காகிதத்தைக் கொண்டுவந்தவன் டிட்கம். செருப்புத் தைப்பது அவன் தொழில். இந்த வருஷம் ஊர்க் கான்ஸ்டபிள் வேலையும் அவன் தலையில் விழுந்திருந்தது. ஆமோஸுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அவனே எழுத்துக் கூட்டி வாசித்தான். வியாழக்கிழமை காலை, பிரிம்லி ‘வெள்ளை மான்’ சத்திரத்து மாடியில் இரண்டு நீதிபதித் துரைமார் விசாரணைக்கு உட்காருவார்கள். ஆமோஸ் ஹிபர்ட் தான் எந்த ஊர்க்காரன் என்று வேதபுத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ண வேண்டும். அவ்வளவுதான் காகிதத்தில் இருந்தது.

எந்த ஊர்க்காரன்! கேட்க என்னவோ குசலம் விசாரிப்பது போலத்தான் இருக்கும். இந்த ஒரு கேள்வியில் குடும்பம் குடும்பமாக வண்டியேறிப் போனவர்களை ஆமோஸ் பார்த்திருக்கிறான். கூலிக்காரன் கையும் காலும் நன்றாக இருக்கிறவரை எந்த ஊரிலும் இருந்துகொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். விழுந்துவிட்டால்தான் வினை. அவன் எந்த ஊர்க்காரனோ அந்த ஊர்தான் அவனுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும் என்பது சட்டம். கால் முறிந்த ஆறு வாரமும் பிரிம்லி ஊர்தான் ஆமோஸ் வீட்டுக்கு ரொட்டி கொடுத்தது. அன்றைக்கே பின்னிகர் மோப்பம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். பின்னிகர் பெரிய பண்ணைக்காரர், ஊர் ஏழைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இந்த வருஷம் அவருடையது. பார்த்துக்கொள்வது என்றால் அவர் அகராதியில் ஊரைவிட்டுத் துரத்துவது.

அடுத்த ஊர் கட்டர்ஹாமில் ஆமோஸ் மூன்று வருஷம் மாட்டுக்காரனாக இருந்தான். கல்யாணமாகாதவன் ஒருவன் ஒரே பண்ணையில் முழுசாக ஒரு வருஷம் வேலை பார்த்தால் அவன் அந்த ஊர்க்காரன் ஆகிவிடலாம். அது பண்ணைக்காரர்களுக்குத் தெரியாதா என்ன? மிக்கேல் திருநாளுக்கு மிக்கேல் திருநாள் ஒரு வருஷம். கட்டர்ஹாம் பண்ணைக்காரர் ஒவ்வொரு வருஷமும் திருநாளுக்கு மூன்று நாள் முன்னால், “போய்ட்டு திருநா கழிச்சு வா தம்பி” என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார். மூன்று வருஷ உழைப்பு அந்த மூன்று மூன்று நாளில் போயிற்று. அப்புறம் பிரிம்லிக்கு வந்து எட்டு வருஷமாக நாட்கூலி. நாட்கூலி எந்தக் கணக்கிலும் சேராது.

ஆகவே சட்டப்படி அவன் இன்னும் ஓல்டன் ஊர்க்காரன்தான். பிறந்தது அங்கே. முப்பது மைல் தள்ளி. ஒன்பது வயதில் அங்கிருந்து கிளம்பியவன் திரும்பிப் போகவில்லை. அம்மா அப்பா இல்லை, அண்டை அயல் பெயர்கூட மறந்துவிட்டது. அங்கிருந்த ஏழைவிடுதி மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஒரே கூடத்தில் கிழங்களும் பைத்தியங்களும் பிள்ளைகளும் ஈரத் தரையில் கிடப்பார்கள்.

அவன் போகட்டும். டார்காஸ்? அவள் பிறந்தது பிரிம்லியில், இப்போது இருக்கிற இதே வீட்டில். அம்மாவைப் புதைத்தது இந்த மண்ணில். ஆனால் கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் ஊர்தான் ஊராம். ஓல்டன் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. சட்டத்துக்கு அவள் ஓல்டன்காரி. ஏழு வயது ஜூடித், நாலு வயது மெர்சி, வயிற்றில் எட்டு மாதமாக இருப்பது, எல்லாம் ஓல்டன்.

டார்காஸின் அப்பா ஏனோக் மட்டும் பிரிம்லி. நாலு வருஷமாக அவருக்குக் கண் இல்லை. படுக்கையிலிருந்து அடுப்புக்கு எத்தனை அடி, அடுப்பிலிருந்து கதவுக்கு எத்தனை அடி என்று எண்ணி நடக்கிறவர். வீடு அவர் உயிர் இருக்கிறவரை அவருக்கு. மகளைத் தவிர நாதி இல்லை. அவள் வண்டியேறினால் அவரை யார் பார்ப்பது? அவரிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

புதன்கிழமை மத்தியானம் டார்காஸ் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தபோது ஆமோஸ் வந்து நின்றான். நின்றான் என்ன, இந்தப் பக்கம் இரண்டு அடி, அந்தப் பக்கம் இரண்டு அடி.

“ஒண்ணு நில்லு, இல்ல உக்காரு. பாக்குற எனக்குத் தல சுத்துது” என்றாள் டார்காஸ்.

“ஒரு வழி இருக்கு புள்ள.”

“என்ன வழி?”

“நெசத்தச் சொல்லிரலாம்.”

துணி பிழிந்துகொண்டிருந்த டார்காஸின் கை அப்படியே நின்றது. எந்த நிஜம் என்று அவள் கேட்கவில்லை. அவர்களுக்குள் இருந்தது ஒரே ஒரு நிஜம்தான். ஆமோஸுக்கும் டார்காஸுக்கும் கல்யாணம் ஆகவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் நீலப் பாவாடை கட்டிக்கொண்டு, விடியுமுன் கிளம்பி, கட்டர்ஹாம் பண்ணைக்கு அவனைக் கூட்டிப்போக வந்தாள். பிரிம்லி கோயிலில் அப்போது கூரை வேலை நடந்ததால் கல்யாணம் கட்டர்ஹாம் கோயிலில். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டாகிவிட்டது. மாப்பிள்ளை எங்கே என்றால் தொழுவத்தில், முழங்கைவரை மாட்டுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான். தலைச்சன் ஈற்று, கன்று பின்னங்கால் முன்னால் வர மாட்டிக்கொண்டிருந்தது. “இதோ வந்துருச்சு, இதோ வந்துருச்சு” என்று சொல்லிச் சொல்லியே மூன்று மணி நேரம். கன்றும் பிழைத்தது, தாயும் பிழைத்தது. கோயிலுக்கு நாலு மைல் ஓடினார்கள். வாசலுக்குப் போகும்போது பன்னிரண்டு அடித்து ஓய்ந்திருந்தது, பாதிரியார் சாப்பிடப் போயிருந்தார். பன்னிரண்டுக்கு மேல் கல்யாணம் செய்து வைத்தால் அவர் தலைக்கே ஆபத்து. நாளைக் காலை வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நாளைக்கு யாருக்கு லீவு? பிரிம்லிக்குத் திரும்பி நடந்தார்கள், அப்பாவிடம் சொல்லி அழலாம் என்று. ஊர் எல்லையிலேயே தட்டையும் சட்டியையும் கொட்டிக்கொண்டு ஜனம் நின்றது. வீட்டில் கேக்கு, பீர், பிடில். யாராவது கல்யாணம் ஆயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஒருத்தராவது கேட்க வேண்டுமே! எல்லோரும் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். அடுத்த வாரம் போகலாம் என்றார்கள், புல் அறுப்பு வந்தது. அப்புறம் கோதுமை அறுப்பு. வாசித்த ஓலை மூன்று மாதத்தில் செல்லாமல் போனது. அதற்குள் ஜூடித் வயிற்றில் இருந்தாள். மறுபடி ஓலை வாசித்தால் ஊர் சிரிக்கும். அப்படியே விட்டாயிற்று.

“கல்யாணம் ஆகலைன்னா நீ இந்த ஊர்க்காரிதான்” என்றான் ஆமோஸ். “புள்ளைங்களும் பொறந்த ஊர்தான். டிட்கம்கிட்ட மத்தவங்க கத மாதிரி கேட்டுப் பாத்தேன், அதான் சட்டம்கிறான். உங்கள யாரும் தொட முடியாது. என்னைய மட்டும் ஓல்டனுக்கு ஏத்துவாங்க. நான் எப்படியும் வந்து சேருவேன்.”

“வந்து?”

“வந்து... ஒளிஞ்சு மறைஞ்சு பாத்துக்குவேன்.”

“நல்லாருக்குய்யா உன் ரோசன! எட்டு வருஷம் ஹிபர்ட் பொண்டாட்டின்னு நிமிந்து நடந்தேன். நாளைக்குக் கோயில்ல வெள்ளைத் துணியப் போத்தி என்னைய நடுவுல நிறுத்துவாங்க. எம் புள்ளைங்கள என்ன பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு நெனச்சியா? அந்த வார்த்தைய உன் வாயால சொல்லு பாப்போம்.”

ஆமோஸ் மறுபடி இந்தப் பக்கம் இரண்டு அடி நடந்தான்.

“சொல்ல முடியல இல்ல? ஊர் சொல்லும். தெனமும் சொல்லும்.”

“உங்கப்பன யோசிச்சுப் பாரு.”

“அப்பன யோசிக்காம நான் எந்த ராத்திரி தூங்குனேன்?” என்று துணியை வாளியில் அடித்தாள். “ஒரு மாட்டுக்காக என்னைய வாசல்ல நிக்க வச்ச மனுசன்தான நீ. போ, எதையாச்சும் போய்க் கொத்து.”

போய்க் கொத்தினான்.

வியாழக்கிழமை மாடி அறையில் இரண்டு துரைமாரும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வயதானவர், கேள்வி கேட்டதெல்லாம் அவர்தான். இன்னொருவர் ஜன்னல் வழியாகத் தன் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னிகர் சுவரோரம் கைகட்டி நின்றார். டார்காஸைக் கதவருகே ஒரு முக்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். பிறந்த ஊர், வேலை பார்த்த பண்ணை, மூன்று நாள் கதை எல்லாம் ஆனது. எல்லாம் எதிர்பார்த்ததுதான், குமாஸ்தா தலை தூக்காமல் எழுதினான்.

“கல்யாணம் எங்கே, எப்போது?” என்றார் வயதான துரை.

ஆமோஸ் டார்காஸைப் பார்த்தான். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்வாள் என்று அவனுக்குத் தெரியாது. காலையிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

“ஆகலீங்க எசமான்.”

“என்ன ஆகவில்லை?”

“கல்யாணம்ங்க.”

பின்னிகர் சுவரைவிட்டுத் துள்ளினார். “பொய்யி! சுத்தப் பொய்யி எசமான்! இவன் கல்யாணத்துல நான் கேக்கு தின்னுருக்கேன்! மூணு துண்டு!”

“கேக்குத் தின்றது சாட்சியாகாது, பின்னிகர்” என்றார் துரை. குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “நீ சொல் அம்மா. இவன் சொல்வது உண்மையா?”

டார்காஸ் எழுந்தாள். முகம் கழுத்துவரை சிவந்துபோயிருந்தது. அவள் இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று ஆமோஸுக்குப் பட்டது. சொல்லிவிட்டால் நல்லது என்றும் ஒரு கணம் பட்டது. பாவி மனசு!

“நெசம்ங்க” என்றாள். “கட்டர்ஹாம் கோயில் ஏட்டப் பாத்துக்கலாம். எங்க பேரு இருக்காது.”

குமாஸ்தா எழுதின தாளைத் திருப்பினான். அப்படியானால் இந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் அனுப்ப வழியில்லை, இவன் ஒருவன்தான் ஓல்டனுக்கு என்று துரை சொல்லத் தொடங்கினார். ஆமோஸுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அத்தனை சுலபத்தில் பின்னிகர் விடுவாரா? மேஜையை நோக்கிக் குனிந்தார்.

“எசமான், கல்யாணம் ஆகலைன்னா இது வேற கேசு. வயித்துல ஒண்ணு, வெளில ரெண்டு, தகப்பன் இதோ நிக்கிறான். புள்ளைங்க சோத்துக்கு இவன் ஜாமீன் கட்டணும். கட்ட வக்கில்லன்னா ஜெயிலு. இல்லாட்டி...” இங்கே அவர் முகம் மலர்ந்தது. “இல்லாட்டி இவளக் கட்டிக்கட்டும்! ஓலை வாசிக்க வேண்டாம், லைசென்ஸு போதும்; அந்தச் செலவு, மோதிரம், எல்லாம் ஊர் பாத்துக்கும். பாதிரியார் எதிர்லதான இருக்காரு. மணி பதினொண்ணு. அரை மணி நேரத்துல முடிச்சிருவோம். நாளைக் காலைல அஞ்சு பேரையும் என் வண்டியிலயே ஓல்டன்ல எறக்கிட்டு வந்துருவேன்.”

அஞ்சு என்று பிறக்காததையும் சேர்த்துச் சொன்னார். துரைக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் சட்டம் பின்னிகர் பக்கம் இருந்தது.

“ஜெயிலா, கோயிலா? நீயே சொல், ஹிபர்ட்.”

“ஜெயிலுங்க” என்றான் ஆமோஸ்.

“வேண்டாம்!” டார்காஸ் முக்காலியைத் தட்டிவிட்டு ஓடிவந்தாள். அவள் அண்ணன் ஒரு முயலைப் பிடித்ததற்காக ஜெயிலுக்குப் போனவன். அங்கே காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள் செத்தான். “ஜெயிலு வேண்டாங்க. கோயிலுக்குப் போறோம். நான் சம்மதிக்கிறேன்.”

“டார்காஸ், வேண்டாம் புள்ள.”

“நீ வாய மூடு.”

கோயிலுக்குத் தெருவைக் கடந்தால் போதும். அதற்குள் சேதி ஊரெல்லாம் பரவிவிட்டது. எட்டு வருஷமா? மூணாவது வயித்துலயா? பெண்கள் வாசல்களில் நின்று கைகொட்டிச் சிரித்தார்கள். அன்றைக்குத் தட்டுக் கொட்டினவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். டார்காஸ் நிமிர்ந்தே நடந்தாள். பின்னிகர் முன்னால் ஓடிப்போய்ப் பாதிரியாரை இழுத்து வந்தார், லைசென்ஸ் தாளில் மை காயவில்லை. மோதிரம் வாங்க வேண்டியிருக்கவில்லை, அவள் விரலில் இருந்ததையே கழற்றிக் கொடுத்தாள். அதில் பின்னிகருக்கு ஒரு சந்தோஷம்.

கோயில் வாசலில் ஏனோக் நின்றார். ஜூடித் ஒரு கையையும் மெர்சி ஒரு கையையும் பிடித்திருந்தார்கள்.

“டார்காஸா? என்னமோ கல்யாணம்கிறாங்க. சிரிக்கிறாங்க. யாருக்குக் கல்யாணம்?”

“எங்களுக்குத்தாம்ப்பா. அன்னைக்கு விட்டுப்போச்சு.”

கிழவர், “மாட்டு வேலையா?” என்றார்.

“ஆமாங்க மாமா” என்றான் ஆமோஸ்.

“எனக்கு அன்னைக்கே தெரியும், உன் கையில ஈத்து வாடை அடிச்சுது. சரி, இப்பவாச்சும் ஆவட்டும். கையக் குடு மாப்ள.” அவன் கையைப் பிடித்துக்கொண்டு மகள் பக்கம் முகத்தைத் திருப்பினார். “சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவீங்கல்ல? கிணத்துப் பக்கம் எதையோ நகத்தி வச்சிருக்க நீ, காலைல ரெண்டு தடவ இடிச்சிக்கிட்டேன். எடுத்துரு.”

டார்காஸ் அப்பாவின் கணுக்காலில் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னிகர் உள்ளே இருந்து, “நேரமாகுது, நேரமாகுது” என்று கத்தினார்.

பாதிரியார் மளமளவென்று வாசித்தார். பின்னிகர் ஒரு பக்கம், டிட்கம் ஒரு பக்கம். ஆமோஸ் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். அவன் ஒன்று முடிவு செய்திருந்தான். கேள்வி முதலில் அவனிடம்தான் வரும். முடியாது என்று ஒரு வார்த்தை. டிட்கம் அவனை ஜெயிலுக்குப் பிடித்துக்கொண்டு போவான், அவள் வீட்டுக்குப் போவாள், கிணற்றுப் பக்கம் கிடப்பதை எடுத்து வைப்பாள். அவ்வளவுதான் வேண்டியது.

“ஆமோஸ், இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா?”

அவன் அவள் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. திரும்பிவிட்டான். அதே நீலப் பாவாடை. இப்போது வெளுத்துப்போய், வயிற்றுக்காக முன்புறம் ஒரு துண்டு ஒட்டுப்போட்டிருந்தது. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

“ஏத்துக்கறேன்” என்று வந்தது.

எட்டு வருஷமாக உள்ளே கிடந்த வார்த்தை, அவனைக் கேட்காமலே வந்துவிட்டது. எல்லாம் போயிற்று என்று நினைத்தான். வீடு போயிற்று, கிழவர் தனியாகிப் போனார், நாளைக்கு வண்டி. வெட்கமாக இருந்தது. சொன்னதற்காக வருத்தப்பட முயன்று பார்த்தான், வருத்தம் வரவில்லை.

“டார்காஸ், இந்த மனிதனைக் கணவனாக ஏற்றுக்கொள்கிறாயா?”

“மாட்டேன்.”

பாதிரியார் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். மறுபடி கேட்டார்.

“மாட்டேன் சாமி. இந்த ஆளக் கட்டிக்க மாட்டேன்.” கோயில் முழுக்கக் கேட்கும்படி, வாத்துக்கூட்டத்தைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்.

அவன் சொல்லச் சொன்னதைத்தான் அவள் சொன்னாள். புதன்கிழமையிலிருந்து அவன் கெஞ்சினதே இதற்குத்தான். ஆனாலும் ஆமோஸுக்கு அது வலித்தது.

“அடி நாசமாப் போறவளே!” பின்னிகர் கோயில் என்றும் பார்க்காமல் கத்தினார். “அங்க சம்மதம்னு சொல்லிட்டு வந்து... உனக்கும் இந்தக் குட்டிங்களுக்கும் யாருடி சோறு போடுவா?”

“நீங்கதான் போடுவீங்க” என்றாள் டார்காஸ். “நான் பிரிம்லிக்காரி. எம் புள்ளைங்க பிரிம்லி. இனி வாரா வாரம் உங்க வாசலுக்கு வந்து நிப்பேன், பாத்துக்கங்க. கல்யாணமாகாதவ, வேற போக்கிடம் இல்ல.”

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு அவளைப் பார்த்து இல்லை.

டிட்கம் ஆமோஸின் தோளில் கை வைத்தான். இழுக்கவில்லை, வைத்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான். டார்காஸ் ஆமோஸிடம் வந்து அவன் கழுத்துத் துணியை அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டாள்.

“அங்க வைக்கோல்ல படுக்காத. தரையில படு. யாராச்சும் இருமுனா தள்ளி இரு.”

“சரி.”

“தண்ணியக் காய்ச்சித் தரச் சொல்லு.”

“யாரு புள்ள காய்ச்சித் தருவா?” என்றான். அப்புறம், “நான் ஏத்துக்கறேன்னு சொன்னேன்” என்றான், அது என்னவோ அவளுக்குத் தெரியாதது போல.

“கேட்டுச்சு.” அவளுக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. “நீ சொன்னதக் கேட்டதாலதான்யா என்னால மாட்டேன்னு சொல்ல முடிஞ்சுது. இல்லாட்டி முடிஞ்சிருக்காது. போய்ட்டு வா.”

கூட்டம் வழி விட்டது. வாசலில் கிழவர் காது கொடுத்து நின்றார். மெர்சிக்குப் பசிக்க ஆரம்பித்திருந்தது. டார்காஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்தாள், மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். ஆமோஸ் டிட்கமோடு எதிர்ப் பக்கம் நடந்தான். அவன் கால் இழுத்ததால் டிட்கமும் மெதுவாகவே வந்தான்.